சருகுக் கூட்டில் ஒரு தலைவாழை இலை

மழை விட்ட காலையில் மட்கிய இலையின் மணம் எழுந்தால் நம் அகவையினர் பலருக்கும் நெஞ்சம் நெகிழும் என்பதை அறிவேன். என் நெஞ்சம் நெகிழ்வதில்லை, சுருங்குகிறது. அந்த மணத்தை நான் முழுதாக உணர்ந்த ஆண்டில்தான் அழுக்காறு என்பதையும் உணர்ந்தேன். அப்போது எனக்குப் பத்து அகவை. சொல்லைப் பின்னாளில் வகுப்பறையில் கற்றேன். பொருள் முன்னதாகவே வந்து என்னுள் குடியேறிவிட்டது.

வலியசாலைத் தெருவில் எங்கள் வீடு. முகப்பு குறுகியது, நீளம் மிகுந்தது. அறைகள் முடிந்த இடத்தில் கிணறு; கிணற்றுக்கு அப்பால் கொல்லை. இரண்டு பலா, ஒரு மா, ஓர் ஈரப்பலா. இவை நான்கும் உதிர்த்த இலைகளே எங்கள் செல்வம் என்று சொன்னால் நீங்கள் நகைக்கலாம். கொல்லையின் தென்மூலையில் எச்சிற்குழி. உண்ட இலைகளும் மிஞ்சிய சோறும் அங்கே போகும், அதைச் சுற்றி வாழைகள் நிற்கும். வடமூலையில், அந்தக் குழிக்கு எவ்வளவு தொலைவில் இருக்க முடியுமோ அவ்வளவு தொலைவில், அண்ணாவின் கூடுகள் இரண்டு இருந்தன.

தந்தை நான் பிறந்த மறு ஆண்டே மறைந்தார். அண்ணா என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். எனக்குத் தந்தையும் தோழரும் அவரே. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைக்குப் போவார். நான் அவர் பின்னால் போவேன். கமுகம் பிளாச்சுகளை ஆளுயரத்துக்கு நட்டு, முடைந்த தென்னோலையால் சுற்றிக் கட்டிய அந்தக் கூடுகளுக்குள் சருகு மட்டுமே போகும். சருகு என்று இப்போது எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அதற்குக் கரியிலை என்று பெயர். மலையாள நாட்டில் வாழ்ந்த எங்கள் நாவில் ஏறிய சொற்களுள் அதுவும் ஒன்று.

மாசி மாதத்தில் மரங்கள் இலைகளைக் கொட்டும். வாரியலால் கூட்டி, வட்டி என்னும் கூடையில் அள்ளி, கூட்டுக்குள் ஒரு முழ உயரத்துக்குப் பரப்புவார் அண்ணா. பிறகு என்னைத் தூக்கி உள்ளே விடுவார். என் பணி மிதிப்பது. பலா இலை எளிதில் நொறுங்கும். ஈரப்பலா இலை அகலமாயிருந்தாலும் பணிந்துவிடும். மாவிலைதான் தோல்போல் தடித்து முரண்டுபிடிக்கும். காலடியில் எழும் அந்த நொறுங்கொலியை இப்போதும் என் உள்ளங்கால் அறியும். ஒரு சுற்று மிதித்ததும் அண்ணா செம்பால் நீர் தெளிப்பார், மீண்டும் பரப்பு, மீண்டும் மிதிப்பு. "கனம் வெச்சிருக்கே குட்டி, இந்த வருஷம் சீக்கிரம் மக்கும்" என்பார். குட்டி என்பது அவர் எனக்கு வைத்த விளிப்பெயர். அதற்குப் பின் காத்திருப்புத்தான். வெறும் சருகு தானாக மட்கி முடிய ஒன்றரை ஆண்டு செல்லும். அதனால்தான் இரண்டு கூடுகள்: ஒன்று இவ்வாண்டினது, ஒன்று சென்ற ஆண்டினது.

அவற்றுக்கு ஒரு நெறி இருந்தது. சமைத்த எதுவும் அங்கே விழலாகாது. எச்சில் படவே கூடாது. ஏனெனில் அந்த மட்கு பிச்சிக்கும் நந்தியாவட்டைக்கும் துளசிக்கும் போகும். அவற்றின் பூவும் தழையும் தெருக்கோடிக் கோயிலுக்குப் போகும். புரட்டாசியில் மட்கிட்டு, ஐப்பசியில் துலா மழை பெய்து, பிச்சி புதிதாக மொக்கு விட்டதும் முதல் பூக்குடலையைக் கோயிலுக்கு ஏந்திச் செல்லும் உரிமை அந்த மட்கை மிதித்தவருக்கு உரியது. இது எங்கள் வீட்டுக்குள் அண்ணா வகுத்த வழக்கம். ஆறாம் அகவை முதல் ஆண்டுதோறும் அந்தக் குடலையை ஏந்தியவள் நான். பட்டுப்பாவாடை கட்டி, தெருவின் இரு மருங்கும் மாமிகள் பார்க்க, அண்ணா பின்னே வர, நான் முன்னே நடப்பேன். என் உலகில் அதனினும் பெரிய பேறு வேறொன்று இல்லை.

அந்த ஆண்டு தை மாதத்தில் மன்னி வந்தாள்.

அண்ணாவின் மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரி, பத்தொன்பது அகவை. மெலிந்த உடல், பெரிய கண்கள், பூத்தொடுப்பதில் மின்னலை ஒத்த விரல்கள். வாழைநாரில் இரு கண்ணிக்கு ஒரு முடிச்சாக அவள் தொடுக்கும் சரத்தைப் பார்க்கவே அடுத்த வீட்டு மாமி வருவாள். ஆனால் அம்மாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. மன்னி வீட்டில் அடியெடுத்து வைத்த வாரத்தில் எங்கள் பசு ஈன்ற கன்று இறந்துபோயிற்று. "கால் சரியில்லே" என்று அம்மா சமையலறையில் சொன்னாள், மெதுவாகத்தான், ஆனால் கேட்கும்படியாக. அண்ணா, "மாட்டுக்கும் மாட்டுப்பொண் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்துக்கொண்டே போனார். மன்னி சிரிக்கவில்லை.

நான் அம்மாவின் கட்சி. கட்சி ஒன்றானாலும் காரணம் வேறு. கரியிலை என்ற சொல்லைக் கேட்டு மன்னி ஒரு நாள் வாய்விட்டு நகைத்தாள். எங்கள் ஊரில் சருகு என்போம் என்றாள். ஒரே மாதத்தில் அண்ணாவும் சருகு என்னத் தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டு கரியிலை என்று சொன்ன வாய்! நான் வேண்டுமென்றே அவர் எதிரில் கரியிலை, கரியிலை என்று பத்து முறை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு வேறுபாடே தோன்றவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு. அண்ணா கூட்டை ஒழித்துப் புதுச்சருகு பரப்பினார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். அவர் மன்னியைக் கைநீட்டி அழைத்தார். கொலுசோடு அவள் உள்ளே இறங்கினாள். சருகின் ஒலியோடு கொலுசின் ஒலியும் கலந்தது. ஒரு பலா இலை அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டதை அண்ணா எடுத்துவிட்டார். நான் கிணற்றுச் சகடைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

"இந்தத் தடவை அவ மிதிக்கட்டும் குட்டி. புது எடம், பாவம், மனசு ஒட்டணுமோல்லியோ?" என்றார் அண்ணா.

நான் தலையாட்டினேன். சென்ற ஆண்டு நான் மிதித்த கூடு பக்கத்தில் இருந்தது. இவ்வாண்டுக் குடலை எப்படியும் என்னுடையதே. அடுத்த ஆண்டினதுதான் மன்னிக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கமொன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பதரைக்கு அண்ணா உண்டு எழுந்ததும் அதே இலையில் மன்னி அமர்வாள். கணவன் உண்ட இலையில் மனைவி உண்பது அந்நாளைய நெறி. உங்களுள் பலர் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதற்கென்றே அகன்ற தலைவாழை இலை போடுவாள் அம்மா. முருங்கைக்காயை மென்ற சக்கைகளை அண்ணா இலையின் இடக்கோடியில் விறகுக் கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அது அவர் பழக்கம். மன்னி அந்தக் கட்டைக் கலைக்காமல் தள்ளிவைத்துக்கொண்டு உண்பாள். பாதிக்குமேல் உண்டதில்லை. சோறும் மோருமாக இலையில் அப்படியே இருக்கும். "ஒரு பிடி அன்னம் எறங்க மாட்டேங்கறது, கேட்டியோ" என்று அம்மா குறைப்படுவாள். பிறந்த வீட்டு நினைவில் சோறு இறங்காத ஒரு பெண் என்று எங்களுள் யாருக்கும் தோன்றவில்லை.

உண்டபின் இலைகளை எடுத்து எச்சிற்குழியில் போட்டுவிட்டுக் கைகழுவுவது என் வேலை.

பங்குனி கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கியது. ஒரு நாள் அந்த ஒற்றைத் தலைவாழை இலையை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். தெற்கே போக வேண்டிய கால்கள் வடக்கே போயின. மன்னி மிதித்த கூட்டின் ஓலையைச் சற்றே விலக்கி, முழங்கை மறையும்வரை சருகுக்குள் துளைத்து, அந்த இலையைச் சோற்றோடும் மோரோடும் சக்கைக் கட்டோடும் புதைத்தேன். என் இலையும் அம்மாவின் இலையும் வழக்கம்போல் தென்மூலைக்குப் போயின. அவர்கள் இருவர் உண்ட இலை மட்டும் வடக்கே போயிற்று. ஒரு நாளோடு நிறுத்தவில்லை. விடுமுறை இரண்டு மாதமும் செய்தேன்.

என்ன எண்ணினேன் என்பது தெளிவாகவே நினைவிருக்கிறது. அவள் கூடு தீட்டுப்பட்டுவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியும். அடுத்த ஆண்டு அவள் குடலையைக் கையில் எடுக்கும்போது, தெருவே பார்க்க, "அது எச்சில் மக்கிலே பூத்த பூ" என்று சொல்லிவிடுவேன். இறைவனுக்கு அஞ்சவில்லையா என்று கேட்பீர்கள். அஞ்சினேன். அச்சத்தைவிட மற்றது பெரிதாக இருந்தது.

வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை வந்தது. ஆடியில் ஒரு மாலை, அண்ணா, மன்னி மிதித்த கூட்டுக்குள் கையை விட்டுவிட்டு என்னை அழைத்தார். "இங்கே கையை வை குட்டி." வைத்தேன். உள்ளே காய்ச்சல்காரன் வயிறுபோல் சுட்டது. என் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பசுமையும் ஈரமும் சோறும் சேர்ந்தால் சருகுக்குள் சூடேறி விரைந்து மட்கும் என்பதைப் பல்லாண்டுக்குப் பின் படித்து அறிந்தேன். அன்று அறிந்தவர் யாருமில்லை.

ஆவணியில் அந்தக் கூடு கரிய காப்பித்தூளாகியிருந்தது. அள்ளினால் விரலிடுக்கில் உதிரும்; மழைக்காட்டின் மணம். நான் மிதித்த பழைய கூட்டிலோ மாவிலைகள் மாவிலைகளாகவே கிடந்தன.

அண்ணா இரு கையிலும் அள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். "உன் மாட்டுப்பொண் மிதிச்சது ஆறு மாசத்திலே மக்கிடுத்து, பாரு. குட்டி மிதிச்சது ஒண்ணரை வருஷமா அப்படியே கிடக்கு. கால் சரியில்லேன்னியே, இப்போ என்ன சொல்றே?"

அம்மா அந்த மட்கைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு, "பின்னே என்ன, இதையே இந்தத் தடவை பிச்சிக்குப் போட்டுடு. அவளே பூவை எடுத்துண்டு போகட்டும்" என்றாள். அன்று மாலை, அம்மா தன் கையால் மன்னியின் தலையில் பூ வைத்ததைப் பார்த்தேன். அவள் வந்து எட்டு மாதத்தில் அது முதல் முறை. மன்னியின் கண்கள் நிறைந்தன.

என் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த மட்கின் சிறப்பு என் கைவேலை. சொன்னால் குற்றம் வெளிப்படும். சொல்லாவிட்டால் புகழ் அவள் காலுக்குப் போகும். என் தீச்செயலே அவளுக்கு நற்பேறாகி, என் குடலையும் அவள் கைக்குப் போகவிருந்தது. அன்றிரவு உணவில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் மட்கிட நாள் குறித்தார்கள். முதல் நாள் காலையில் அண்ணா மண்வெட்டியால் கூட்டைப் பிரிக்க, மன்னி கையால் அள்ளி வட்டியில் நிரப்பினாள். நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்குவதுபோல் நின்றேன். பாதிக் கூடு ஆனதும் மன்னியின் கை நின்றது. அடிமட்கிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சினம் இல்லை. கையை மூடி, தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, மீண்டும் அள்ளத் தொடங்கினாள். என் கையிலிருந்த செம்பு கிணற்றுக்குள் விழுந்தது. "வெறுதே நின்னுண்டு செம்பைப் போட்டியா" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். அந்தச் செம்பு இன்றுவரை அந்தக் கிணற்றில்தான் கிடக்கிறது.

மறுநாள், அம்மா பிச்சிக்கொடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, முதல் பிடியை இடக் குனிந்தபோது மன்னி சொன்னாள்:

"அம்மா, இது பூச்செடிக்கு வேண்டாம்."

"ஏன்?"

"மிதிச்ச அன்னிக்குக் காத்தாலேயே நான் தூரமாயிட்டேன். சொல்ல வெட்கமா இருந்தது. சாயங்காலந்தான் சொன்னேன்."

வீட்டுக்கு விலக்கான பெண் எதைத் தொட்டாலும் தீட்டு என்று இருந்த வீடு அது. அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஞாயிறு மாலைதான் அவள் ஒதுங்கியது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையிலிருந்த மட்கை உதறினாள்.

"பகவானுக்குப் போறதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிண்டு இருந்தியா? நன்னா வளர்த்திருக்கா உங்காத்துலே. இனிமே நீ பூவைத் தொடாதே. செடியண்டை போகாதே. மதி."

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று பொருள். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. அண்ணா வாய் திறந்தார். மன்னி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அத்தனை மட்கும் தென்மூலை வாழைகளுக்குப் போயிற்று. பழைய கூட்டிலிருந்து, என் கூட்டிலிருந்து, பாதி மட்கிய மாவிலைகளைச் சலித்து எடுத்துப் பூச்செடிகளுக்கு இட்டார்கள்.

துலா மழைக்குப் பின் பிச்சி கொஞ்சமாகத்தான் பூத்தது. முதல் பூக்குடலையை நான் ஏந்திச் சென்றேன். பட்டுப்பாவாடை, தெரு மாமிகள், பின்னே அண்ணா; எல்லாம் முன்போலவே. திரும்பிப் பார்த்தேன். மன்னி வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். விரல்கள் முந்தானை நுனியைக் கண்ணிகட்டிக்கொண்டிருந்தன, பூத்தொடுப்பதுபோல. நான் வென்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

அன்று முதல் எச்சில் இலையை மன்னியே எடுத்தாள். "நீ படி கொழந்தே, நான் பார்த்துக்கறேன்" என்றாள். வேறொரு சொல்லும் இல்லை. அந்த ஆண்டு வாழைகள் ஈன்ற குலைகளைத் தாங்கக் கழி நட வேண்டியிருந்தது; இலைகளோ ஓர் ஆள் படுக்கலாம் என்னும் அகலம். அந்த இலைகளில்தான் நாங்கள் உண்டோம்.

அம்மா அதன்பின் இருபது ஆண்டு வாழ்ந்தாள். இருபது ஆண்டும் மன்னி கோயிற்பூவைத் தொட்டதில்லை. தெருவில் யார் வீட்டுத் திருமணத்துக்கு மாலை தொடுக்க அழைத்தாலும், எனக்கு வராது என்பாள். நான் கற்றேன், கற்பித்தேன், மணந்தேன், ஓய்வுபெற்றேன்; ஒருநாளும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அமைதி எங்கள் இருவருக்கும் இடையே ஓர் உறவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் நானும் மட்டும் அறிந்த ஒன்று. அண்ணாவுக்கும் தெரியாத ஒன்று. உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு மறைவான செருக்கும் இருந்தது.

சென்ற ஆண்டு மன்னி மறைந்தாள். சென்ற மாதம் சாலைக் கடைத்தெருவில், விதைக்கடை ஒன்றில் இலைமட்கை நெகிழிப்பையில் அடைத்து விற்பதைக் கண்டு, அண்ணாவின் துளசிக்காக ஒரு பை வாங்கிச் சென்றேன். அவருக்கு எண்பத்தேழு, பழைய வீட்டில்தான் இருக்கிறார், மகனோடு. கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று, தொட்டிகள்தாம் மிச்சம். பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்த வருஷத்து மக்குக்கு ஈடாகுமோ? அது எச்சில் விழுந்த மக்கு" என்றார்.

நான் கேட்டேன்: "உனக்கு எப்படித் தெரியும்?"

"கூட்டைப் பிரிச்ச அன்னிக்குச் சாயங்காலமே காட்டினாளே. தலைப்பிலே முடிஞ்சு வெச்சிருந்தா, முருங்கைச் சக்கைக் கட்டு. மேலே மண் பூசினாப்பிலே இருந்தது, அடுக்கு மாத்திரம் கலையலை. 'ஊர் உலகத்திலே இப்படி அடுக்கறவர் ஒருத்தர்தானே'ன்னா. சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு பேருக்கும் கண்ணிலே ஜலம்."

"சிரிச்சேளா?"

"பின்னே? மறுநாள் அம்மாகிட்டே அவ சொன்னப்போ நேக்குச் சிரிப்பு வரலை. உள்ளதைச் சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை போனேன். சத்தியம் வாங்கிண்டுட்டா. கொழந்தை நம்ம மூஞ்சியிலே முழிக்காம போயிடுவா, பூ அவளே எடுத்துண்டு போகட்டும்னா." மட்கைத் தொட்டியில் உதிர்த்தார். "உன்கிட்டேயும் சொல்லப்படாதுன்னுதான் சத்தியம். இப்போ அவளே இல்லையே குட்டி."

அடுத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் செவியில் ஏறவில்லை. நான் வருந்தியிருக்க வேண்டும். நன்றி கூர்ந்து அழுதிருக்கவும் வேண்டும். இரண்டும் பிறகு, வீடு திரும்பும் வழியில் வந்தன. அந்த நொடியில் வந்தது வேறு. அறுபத்திரண்டு ஆண்டு எனக்கும் அவளுக்கும் மட்டும் உரியது என்று நான் பொத்திவைத்திருந்ததை அவர்கள் இருவரும் முதல் நாளே பகிர்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார்கள். எழுபத்திரண்டாம் அகவையில், அண்ணாவின் எதிரில் அமர்ந்து, இல்லாமற்போன ஒருத்தியின்மேல் நான் மீண்டும் பொறாமை கொண்டேன், கிணற்றுச் சகடைக் கயிற்றைப் பற்றி நின்ற அதே சிறுமியாக.

ஒரே இலையில் உண்டவர்கள் அதையும் சேர்ந்தே உண்டிருக்கிறார்கள். நான் அந்த இலையை எடுத்துச் சென்று புதைத்தவள் மட்டுமே.